ஸ்டிக்கரில் 3.4 ஹென்றி

பிரசவ விடுப்பு முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய முதல் நாள், என்னுடைய டிரான்ஸ்பார்மர்கள் எல்லாவற்றின் மேலும் வேறொருத்தியின் கையெழுத்து இருந்தது.

'என்னுடைய' என்று சொல்வது சரியில்லைதான். அவை கல்லூரியின் சொத்து. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில், இரண்டு பக்கமும் வயல் இருக்கும் ஒரு சிறிய தனியார் பாலிடெக்னிக். அதில் எலெக்ட்ரிகல் லேபுக்கு நான் பொறுப்பாசிரியை. நான்கு வருடமாக அந்த லேபின் சாவி என் கைப்பையில் இருந்தது. குழந்தை பிறப்பதற்குப் பதினைந்து நாள் முன்பு அதைத் துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ஏழு மாதம் கழித்து வந்து பார்த்தால், சின்னச் சின்ன டிரான்ஸ்பார்மர்கள் இருபத்திரண்டும் துடைத்து வைத்தது போல வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் வரிசை எண், மின்னழுத்தம், கம்பியின் மின்தடை, இண்டக்டன்ஸ். எழுத்து அச்சடித்தது போல இருந்தது. 'ர' போட்டால் அதன் கால் எல்லா ஸ்டிக்கரிலும் ஒரே நீளம்.

என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது. அதை முதன்முதலாக ஒரு குறையாக நினைத்தது அன்றைக்குத்தான்.

எழுதியவள் எனக்குப் பதிலாக ஏழு மாதத்துக்கு எடுக்கப்பட்டவள். என்னைவிட ஐந்து வயது சிறியவள். வேதாரண்யம் பக்கத்துப் பெண். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். இங்கே சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். நான் வந்ததும் அவள் வேலை முடிய வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஆனால் துறைத்தலைவருக்கு அவளை விட மனமில்லை. லேபுக்கு இரண்டாவது ஆசிரியையாக அவளை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவதாக அவளிடம் சொல்லியிருந்தார். கடிதம் அந்த வாரம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் போக வேண்டும். போனால் அவளுக்கு வேலை. போகாவிட்டால் மாதக் கடைசியில் பெட்டியோடு வேதாரண்யம் பஸ்.

என் வேலைக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நான் செய்ததற்கு யாரும் எனக்காகக் காரணம் தேட வேண்டாம்.

முதல் நாளே என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"வாங்கக்கா. நீங்க வர்றீங்கன்னு காலையிலேயே லேப்ப கூட்டிப் பெருக்கி வச்சிட்டேன். பாப்பா எப்படி இருக்கா? பல்லு வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

"வந்துடும்க்கா. எங்க அண்ணன் புள்ளைக்கு பத்து மாசத்துலதான் வந்துச்சு. வந்ததும் முதல்ல என் விரலத்தான் கடிச்சான்."

நான் சிரித்தேன். அக்கா என்று கூப்பிட அவளுக்கு யார் உரிமை கொடுத்தது என்றும் நினைத்தேன். மேடம் என்று கூப்பிட்டிருந்தால் தள்ளி நிற்கிறாள் என்று நினைத்திருப்பேன். எனக்கு அப்படித்தான் இருந்தது அந்த நாட்களில்.

அவள் வகுப்பெடுப்பதைக் கதவோரம் நின்று ஒரு தடவை கேட்டேன். மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவின் படகில் இருப்பது. "அதுல ரெண்டு ஃப்ரீக்வென்சி உண்டு. கம்மியா வச்சா ஆழமா போவும், ஆனா தெளிவு இருக்காது. அதிகமா வச்சா மேலாப்புல இருக்கற மீன் ஒவ்வொண்ணாத் தெரியும், அடித்தரை தெரியாது. கடல் ஒண்ணுதான். நீ எதுல பாக்கறேங்கறதுதான் வேற." மாணவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "எதுல வச்சா மேடம் வஞ்சிரம் மாட்டும்?" என்றான். "ஃபீஸ் கட்டினாத்தான் அது சொல்லித்தருவேன், உக்காரு" என்றாள். வகுப்பே சிரித்தது.

நான்கு வருடத்தில் என் வகுப்பு அப்படிச் சிரித்ததில்லை. நான் பாடப்புத்தகத்தில் இருப்பதை ஒரு வரி விடாமல் நடத்துகிறவள். அதில் எனக்குப் பெருமை கூட இருந்தது. அன்றைக்கு என் அப்பா வங்கி எழுத்தராக இருந்ததற்காக வருத்தப்பட்டேன். அவரிடமிருந்து வகுப்பில் சொல்ல எனக்கு ஒரு உதாரணம்கூடக் கிடைக்காது.

செவ்வாய்க்கிழமை மாலை மாணவர்கள் போன பிறகு அந்த ஸ்டிக்கர்களைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். பொறுப்பாசிரியை சரிபார்க்க வேண்டியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் விடுப்பில் இருந்தபோது புது மீட்டர் ஒன்று வாங்கியிருந்தார்கள். பழையது கையடக்கமானது. இது மேஜைமேல் வைக்கும் பெரியது, பச்சைத் திரையோடு. ஆன் செய்தேன். முதல் டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுற்றில் கிளிப் இரண்டையும் மாட்டினேன்.

டிரான்ஸ்பார்மருக்குள் மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி, அவற்றைச் சுற்றிச் செப்புக் கம்பியை நூற்றுக்கணக்கான தடவை சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்று, மின்னோட்டம் மாறுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவுதான் இண்டக்டன்ஸ். ஹென்றி என்ற அலகில் சொல்வோம். ஸ்டிக்கரில் 3.4 ஹென்றி என்று இருந்தது. திரையில் 1.9 என்று வந்தது.

கிளிப்பைக் கழற்றி மாட்டினேன். 1.9. அடுத்தது. ஸ்டிக்கரில் 3.1, திரையில் 1.7. மூன்றாவது, நான்காவது. ஏழு அளந்தேன். ஏழும் ஸ்டிக்கரில் எழுதியதில் பாதிக்குச் சற்றுக் கூட.

இப்போது யோசித்தால், ஏழும் ஒரே மாதிரிக் குறைந்ததிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். உட்கார்ந்து பொய் எழுதுகிறவள் இவ்வளவு ஒழுங்காக எழுத மாட்டாள். ஆனால் எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது வேறு. அளக்காமலேயே எழுதியிருக்கிறாள் என்று நினைத்ததும் வயிற்றுக்குள் ஏதோ இறங்கி இதமாக உட்கார்ந்தது. பல நாள் கழித்து அன்றுதான் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை துறைத்தலைவரின் அறைக்குப் போனேன்.

"சார், குறை சொல்லணும்னு சொல்லல. லேப் என் பொறுப்புல இருக்கு, அதனாலதான்..."

"சொல்லுங்கம்மா."

"ஏழு டிரான்ஸ்பார்மர் அளந்து பாத்தேன் சார். ஒண்ணுகூட ஸ்டிக்கரோட ஒத்துவரல. அளக்காமலே எழுதியிருப்பாங்களோன்னு..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொண்ணா? அது அப்படிச் செய்யற பொண்ணு இல்லியேம்மா."

யாராவது என்னைப் பற்றி வந்து சொன்னால் இவர் இப்படி யோசிக்காமல் பதில் சொல்வாரா? அந்தக் கேள்வி வந்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது.

"நானும் அப்படித்தான் சார் நினைச்சேன்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே சம்பா நாற்றங்காலுக்கு யாரோ தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்கள். "எனக்கே சந்தேகம் இருக்கும்போது நிர்வாகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. இதக் கேட்டு அந்தப் பொண்ணு மனச நோகடிக்கவும் வேணாம். அது பேரு இல்லாமலே, ரெண்டாவது போஸ்ட் வேணும்னு மட்டும் லெட்டர் போகட்டும். நீங்களும் சொல்லிக்காதீங்க" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை அவள் என்னிடம் வந்து, "அக்கா, உங்க முகமே சரியில்ல. வீட்டுக்குப் போயி பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு மெதுவா வாங்க. ரெண்டு மணி பேட்ச நான் பாத்துக்கறேன்" என்றாள். என் ரவிக்கைக்குள் கட்டியிருந்த துணி நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடியிருந்தும் அவள் கவனித்திருக்கிறாள். வீடு குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஸ்கூட்டரில் பத்து நிமிடம். போகலாம்தான். ஆனால் என் பேட்சையும் இவள் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. "வேணாம், நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நெஞ்சு கனக்க மாலைவரை நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை எனக்கு இரண்டாமாண்டுப் பெண்கள் மூன்று பேர் கொண்ட ஒரு குழு. புது மீட்டரை ஆன் செய்து கிளிப்பை அவர்களிடம் கொடுத்தேன். ஒருத்தி மாட்டாமல் என்னையே பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஹண்ட்ரடுக்கு மாத்தலையா மேடம்?"

"எத?"

"ஃப்ரீக்வென்சிய மேடம். இது ஆன் பண்ணா ஒன் கே-ல தான் வரும். அந்த மேடம் முதல்ல இத அமுக்கச் சொல்வாங்க."

"அமுக்க மறந்தா இம்போசிஷன் மேடம்" என்றாள் இன்னொருத்தி. "அம்பது தடவ அமுக்கணும். இவ ஒரு நாள் அமுக்கினா, பட்டனே தேஞ்சி போச்சு."

"போடி, நீதான்டி அமுக்கின!"

திரையின் வலது மூலையில் கொசு அளவில் '1 kHz' என்று இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அங்கேதான் இருந்திருக்கும். அந்தப் பெண் பட்டனை அமுக்கினாள். அது '100 Hz' ஆயிற்று. கிளிப்பை மாட்டினாள். 3.4.

ஸ்டிக்கரிலும் அதேதான். அவர்கள் முன்னால் எதையும் காட்டிக்கொள்ளாமல், "எல்லா ஃப்ரீக்வென்சியிலயும் எடுத்து எழுதுங்க" என்றேன். ஆயிரத்தில் 1.9. பத்தாயிரத்தில் வைத்தபோது எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் வந்து நின்றது.

"ஐயோ, மைனஸ்ல போவுது! கெட்டுப்போச்சா மேடம்?"

"இல்ல" என்றேன். ஏன் என்று எனக்குத் தெரியும். போன வருடம் இதே அறையில் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். அளப்பதற்காக மீட்டர் ஒரு சின்ன மாறுமின்சாரத்தைக் கம்பிக்குள் அனுப்பும். நொடிக்கு நூறு தடவை அது போய்த் திரும்பும்போது தகடுகளின் முழுத் தடிமனிலும் காந்தம் ஏறி இறங்குகிறது. ஆயிரம் தடவை போய்த் திரும்பினால் தகடுகளுக்குள் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பி காந்தத்தை உள்ளே விடாமல் தடுக்கின்றன. தகட்டின் மேல்தோல்தான் வேலை செய்யும், அளவு குறைந்துவிடும். இன்னும் வேகமாக மாற்றினால், ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும் கம்பிச் சுற்றுகளே மின்தேக்கி போல நடக்க ஆரம்பித்து, அந்தக் குணம் முந்திக்கொள்ளும். மீட்டர் மைனஸ் காட்டும். இரும்பும் அதேதான், கம்பியும் அதேதான். எந்த அதிர்வெண்ணில் அளந்தோம் என்று சொல்லாத இண்டக்டன்ஸுக்கு அர்த்தமே இல்லை.

அவள் எழுதிய ஸ்டிக்கரில் அதிர்வெண் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கோபத்தோடு லேப் பதிவேட்டைப் புரட்டினேன். அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. ஸ்டிக்கர் அந்த அட்டவணையைப் பார்த்து எழுதியது. அந்த அட்டவணையைப் போட்டவள் நான். பழைய மீட்டருக்கு நூறு ஹெர்ட்ஸ் ஒன்றுதான் தெரியும். அதனால் எனக்கு அப்படி ஒரு கட்டம் தேவைப்பட்டதே இல்லை.

மணி பன்னிரண்டரை. மதிய இடைவேளை விட்டார்கள். துறைத்தலைவர் சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குக் கடிதத்தோடு கிளம்பிவிடுவார். ஸ்கூட்டர் சாவி என் கையில் இருந்தது. வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தால் மணி இரண்டாகிவிடும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. பச்சைக் குழந்தைக்காரி வீட்டுக்குத்தானே போனாள் என்பார்கள். நான் வாசல்வரை நடந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்று மாமியாருக்குப் போன் செய்தேன்.

"அத்தை, பாப்பா அழுவுறாளா?"

"அவ ஏன் அழுவுறா? கேழ்வரகுக் கூழு குடுத்தேன், மொத்தமும் குடிச்சிட்டு என் மடியிலயே தூங்கிட்டா."

"என்னத் தேடலையா?"

"தேடறாளாம், தேட! நீ பதறிக்கிட்டு வராத. சாயங்காலமே வா."

அங்கேயும் நான் தேவைப்படவில்லை. மாமியார் மடிமீது ஒரு நிமிடம் எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது. போக ஒரு காரணம் இல்லாமல் போனதால்தான் திரும்பி நடந்தேனா, குழந்தை அழுதிருந்தால் வீட்டுக்குப் போய்விட்டிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

துறைத்தலைவர் புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், புதன்கிழமை நான் சொன்னது தப்பு."

சொல்லி முடிக்கும்வரை கையில் எடுத்த கவளத்தை அவர் வாயில் வைக்கவில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு அளந்துதான் எழுதியிருக்கு."

"ஆமா சார்."

"அப்ப நீங்க?"

"நானும் சரியாத்தான் சார் அளந்தேன்." இது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அளந்தது சரி சார். முடிவு பண்ணதுதான் தப்பு."

"அந்தப் பொண்ணுகிட்டயே ஒரு வார்த்த கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமேம்மா."

"கேட்டிருக்கணும் சார்."

ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கையைக் கழுவிவிட்டு வந்து, "அது பேரு இல்லாம லெட்டர் அடிச்சி வச்சிட்டேன். திருப்பி அடிக்கணும். நீங்களே உக்காருங்க. லேப் பொறுப்பாளர் கருத்துன்னு ஒரு பத்தி சேருங்க. ஒரு எட்டு வரியாவது இருக்கணும், அப்பதான் படிப்பாங்க" என்றார்.

எட்டு வரி. அவளைப் புகழ்ந்து நான் எட்டு வரி எழுத வேண்டும்.

அவருடைய கணினியின் முன் உட்கார்ந்தேன். 'பணிகளை நன்றாகச் செய்கிறார்' என்று அடித்தேன். போதாது என்று தெரிந்தது. 'சிறப்பாக' என்று மாற்றினேன். பிறகு மறுபடியும் 'நன்றாக' ஆக்கினேன். மாணவர்களிடம் இருக்கும் மதிப்பைப் பற்றி எழுதும்போது விரல் நகரவே மறுத்தது. ஆய்வகக் கருவிகளைப் பராமரித்த விதம் என்று எழுதும்போது ஒரே நீளத்தில் இருந்த அந்த 'ர'க்களின் கால்கள் நினைவுக்கு வந்தன. ஐந்தாவது வரியில் வேறு வழியில்லாமல் உண்மையை அடித்தேன்: 'இவர் வந்த பிறகு மாணவர்கள் எண்ணை எழுதும் முன் எப்படி அளந்தோம் என்று பார்க்கிறார்கள். இவருக்கு முன் இதை யாரும் பழக்கவில்லை.' படித்துப் பார்த்துவிட்டு 'யாரும்' என்பதை அழித்தேன். அந்த நான்கு வருடமும் நான்தானே இருந்தேன். 'இதற்கு முன் நான் இதைப் பழக்கவில்லை' என்று அடித்தேன். அந்த ஒரு வரியை அடிக்கத்தான் அதிக நேரம் ஆயிற்று.

துறைத்தலைவர் பின்னால் நின்று படித்தார். "இந்த வரி வேணுமா?" என்றார்.

"இருக்கட்டும் சார்."

கடிதம் மூன்று மணிக்குள் போய்விட்டது.

பத்து நாள் கழித்து அவளுக்கு ஆணை வந்தது. காலையில் லேபுக்குள் நுழையும்போதே இனிப்பு டப்பாவோடு நின்றாள். கண்ணெல்லாம் ஈரம்.

"அக்கா, எனக்காக நீங்க எழுதினதத்தான் படிச்சாங்களாமே? சார் சொன்னாரு. அப்பாகிட்ட போன்ல சொன்னேன், அவரு அழுதுட்டாருக்கா. உங்கள ஒருநாள் வீட்டுக்குக் கூட்டியாரச் சொன்னாரு."

துறைத்தலைவர் அவளிடம் அதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். புதன்கிழமையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் ஒரு துண்டு அல்வாவை என் வாயில் வைத்துவிட்டாள். அது தொண்டைக்குள் இறங்குவதற்குள் மாணவர்கள் வந்துவிட்டார்கள். அல்வாவின் மேல் பழியைப் போடவில்லை. அன்று மாலையும் நேரம் இருந்தது. மறுநாளும் இருந்தது.

அன்றிலிருந்து லேபில் இரண்டு மேஜைகள். மாணவர்கள் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். முதல் நாள் பதினெட்டு பேர் வந்தார்கள். பதிமூன்று பேர் அவள் மேஜைக்குப் போனார்கள். நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டு இந்தப் பக்கம் உட்காரச் சொல்லலாம், இடநெருக்கடி என்று காரணமும் இருந்தது. கூப்பிடவில்லை. என் மேஜைக்கு வந்த ஐந்து பேருக்கும் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். அந்தப் பக்கம் எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள். என் ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான்.